பலகையின் ஓரத்தில் எழுதியது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட, அடுப்பில் உலை வைத்தது நினைவுக்கு வந்த மாதிரி எழுந்து போய்விடுவேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்புகிற பழக்கம் இல்லை. அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறேன். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், என் மகனே சிரிக்கிறான்.

எண்பதுகளில் நடந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், விக்கிரவாண்டியைத் தாண்டி எங்கள் ஊர். ஒரு காலத்தில் பாசஞ்சர் வண்டி அங்கே ஒரு நிமிடம் நின்று போகும், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள், வண்டி நிற்காமலே போகும். டிக்கெட் கொடுத்த ஒற்றை அறை மட்டும் ஆடுகளுக்கு நிழலாகக் கிடந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் வந்தபோது அந்த அறையை எங்களுக்கு மூன்று மாதத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார், பெண்கள் எழுதிப் படித்துக் காட்டினால் அறை எங்களுக்கே, இல்லாவிட்டால் உர மூட்டை அடுக்க ஒரு வியாபாரிக்கு. அந்த வியாபாரி முன்கூட்டியே வந்து அறையைக் காலடியால் அளந்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வீம்பு.

சொல்லிக்கொடுக்க என்னைத்தான் பிடித்தார்கள். ஆண் வாத்தியார் என்றால் பெண்கள் வரமாட்டார்கள், ஐந்தாவது முடித்த பெண் ஊரில் நான் ஒருத்திதான். எனக்கோ நாலு பேர் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. அதனால் பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துவேன்.

"இன்னா டீச்சரு, உன் மூஞ்சியே மறந்துபோச்சு. மூணு வாரமா முதுவைத்தான் பாத்துக்கினு கீறோம்," என்பாள் முனியம்மா அத்தை. கூட்டத்திலேயே மூத்தவள், வாய் மட்டும் குமரி. மூன்று வாரத்தில் 'ப' என்ற எழுத்தைத் தாண்டாதவளும் அவள்தான்.

அந்தப் பலகைதான் எல்லாவற்றுக்கும் காரணம். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று அந்தக் காலத்தில் எழுதிப் போடுவார்களே, அதே பலகை. கரியையும் கோவை இலையையும் அரைத்துப் பூசி அதையே வைத்துக்கொண்டோம்.

நான்காவது வாரம் ஒரு நாள் மதியம் பூட்டைத் திறந்தால், முந்தின நாள் எழுதி வைத்த பாடம் முழுக்க அழிந்திருக்கிறது. அதன்மேல் அழகான கையெழுத்தில், 'இன்று வண்டி 20 நிமிடம் தாமதம்.' யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று துடைத்தேன். மறுநாளும் அப்படியே, 35 நிமிடம். பூட்டை மாற்றினேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன், ஜன்னலுக்கு ஆணி அடித்தேன். அது பாட்டுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தது. முன்பு அங்கே டிக்கெட் கொடுத்தவரைப் பற்றி விசாரித்தேன். மாற்றலாகிப் போய், பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறாராம். செத்திருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். இது என்ன பேஜார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரை நாள் உட்கார்ந்து எழுதிய பாடம் அது.

கடைசியில் ஒரு சாயங்காலம் கோபத்தில் பலகையிலேயே எழுதினேன்: 'இது பள்ளிக்கூடம். எழுதுவதாக இருந்தால் ஓரமாக எழுதவும்.' மறுநாள் போய்ப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், என் எழுத்து அப்படியே இருந்தது. கீழே வலது ஓரத்தில், சின்னதாக, 'இன்று வண்டி 15 நிமிடம் தாமதம்.'

அன்றிலிருந்து இடம் பிரித்துக்கொண்டோம், அது ஓரத்தில், நான் நடுவில்.

எழுதியபடியே வண்டியும் வந்தது. பெண்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அவர்கள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். ரயில் பாலத்தின் மேலேயே நடந்துதான் போகவேண்டும், பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. நாலு மணி பாசஞ்சர் போய்விட்டால் இருட்டும்வரை வேறு வண்டி இல்லை. ஆகவே வண்டி போனதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். வண்டி தாமதமென்றால் பாடமும் நீளும். முனியம்மா அத்தை உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஓரத்தைப் பார்ப்பாள், கிளம்பும்போது இன்னொரு தரம் பார்ப்பாள். நான் தொண்டை கிழியக் கத்திய 'பட்டம், படகு' அவளுக்கு வரவில்லை. 'இன்று வண்டி தாமதம்' மட்டும் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

அதிகாரி வருகிற நாள் வந்தது. காலையிலேயே பலகைக்குப் புதுசாகக் கரி பூசிப் பூட்டிவிட்டுப் போனேன். இரண்டு மணிக்குத் திறந்தால் கரி இன்னும் ஈரம், அந்த ஈரத்தின் மேல் எழுத்து மட்டும் காய்ந்த சுண்ணாம்பாக நிற்கிறது: 'இன்று 2 வண்டி.' இன்றைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கக்கூடாதா என்று முந்தானையால் தேய்த்தேன். முந்தானை கருப்பானது, எழுத்து போகவில்லை. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? திட்டத்தில் கொடுத்த படம் ஒன்றை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன்.

அதிகாரி மூன்றரைக்குத்தான் வந்தார். "நல்லா திரும்பி நின்னு சொல்லிக்குடுங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் குரலே வரவில்லை. பெண்களும் பயந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவளே பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். உர மூட்டைகள் என் கண்முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. அதற்குள் பாசஞ்சர் தடதடவென்று போயிற்று. உடனே எல்லோரும் விட்டால் போதும் என்று எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

முனியம்மா அத்தை மட்டும் பழக்கம் விடாமல் பலகையிடம் போய்ப் படத்தைத் தூக்கினாள். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள்: "இன்று... ரெண்டு... வண்டி."

திரும்பி, "ஏய், ஒக்காருங்கடி. இன்னொரு வண்டி வர்தாம்," என்றாள்.

"ஏம்மா, இந்நேரத்துக்கு ஏது வண்டி?" என்றார் அதிகாரி.

"எனக்கு இன்னா தெரியும் சார்? எய்தி கீது, படிச்சேன். படிக்கத்தானே சொன்னீங்க?"

அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டிப் போக யாருக்கும் தைரியமில்லை. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி, கரண்ட் இஞ்சின், ஊதக்கூட இல்லை, பாலத்தின் மேல் போயிற்று. எழுந்தபோதே கிளம்பியிருந்தால் பன்னிரண்டு பேரும் குழந்தைகளும் அந்நேரம் பாலத்தின் நடுவில் இருந்திருப்பார்கள். ஒரு குழந்தை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

அதிகாரி வெகுநேரம் ஓரத்து எழுத்தையே பார்த்தார். "இது பாடப் புத்தகத்துல இல்லியே. யாரு எழுதினது?"

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒரு பெரிய மனிதரை நேராகப் பார்த்துப் பேசினேன். "நான்தாங்க எழுதினேன்," என்றேன்.

புத்தகத்தில் இல்லாததையும் ஒருத்தி படித்தாள் என்று அவர் எழுதிக்கொண்டு போனார், அறை எங்களுக்குக் கிடைத்தது. ஒன்பது வருடம் நடத்தினோம். ஆனால் அன்றைக்குப் பிறகு ஓரத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை. நான் சொன்ன பொய் அதற்குக் கோபமோ என்னவோ. அந்த ஓரத்தை நான் காலியாகவே விட்டுவைத்தேன், டிக்கெட் ஜன்னல் மேடையில் ஒரு முழு சாக்பீஸும் வைத்தேன். ஓரத்தில் எதுவும் இல்லை, சாக்பீஸ் மட்டும் தேய்ந்துகொண்டு வந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, எழுதினால் தேய்கிற மாதிரியே.

அறையை இடித்தபோது மிச்சத் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து ஊசி நூல் டப்பாவில் போட்டு வைத்தேன். போன பொங்கலுக்குத் திறந்தபோது விரல் கணு அளவு இருந்தது. நேற்றுப் பார்த்தேன், மல்லாட்டைப் பருப்பு அளவுதான், உரித்த வேர்க்கடலை அளவுதான் இருக்கிறது. வீட்டில் எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டேன், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மகன் திட்டத் திட்ட. எங்கே எழுதுகிறது என்று மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.