காதுகுத்தில் கை தூக்கியவர்கள்

வேண்டாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால்கூட நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். எச்.ஆர். லக்ஷ்மிநாராயணன் எங்கள் வரிசைப் பக்கம் நடந்து வந்தால் அவள் கையிலிருக்கும் ஒயர் தானாக ஆடும்.

"அவரு இன்னாடி, உன்ன கடிச்சா துன்னுடுவாரு?" என்று கேட்பேன்.

"துன்னுட்டா பரவால்ல ஜெகதா. வேலைய புடுங்கிட்டா?" என்பாள்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. புருஷன் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். மதுராந்தகத்தில் வாடகை வீடு, ஐந்து வயதில் ஜெயப்பிரியா என்று ஒரு பெண் குழந்தை. மறைமலை நகர்ப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் அந்த வெளிநாட்டுக் கம்பெனிதான் இருவருக்கும் சோறு போட்டது.

2003ஆம் வருஷம் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கேன்டீனில் சங்கம் என்று பேச்செடுத்தார்கள். மறுநாள் அவர்களைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. கேட்டதற்கு ஒழுங்கீனம் என்றார்கள். என்ன ஒழுங்கீனமோ, அவர்களுக்கே வெளிச்சம். அதற்கப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லக்கூட எங்களுக்கு நாக்கு எழவில்லை. செங்கல்பட்டில் சங்க வேலை பார்க்கும் ஏசுபாதம் அண்ணன்தான் தைரியம் சொன்னார். எல்லாரும் ஓரிடத்தில் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூடுவது எங்கே? டீக்கடையில் நாலு பேர் நின்றாலே சாயங்காலத்துக்குள் சேதி மேலே போய்விடும்.

ஜெயப்பிரியாவுக்குக் காது குத்தாமல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மதுராந்தகத்தில் மண்டபம் பிடித்து விசேஷம் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். வேண்டா அழுதாள், என்னோடு பேசாமல் இருந்தாள், கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

"எடம் மட்டுந்தான் குடுப்பேன். என் பேரு எதுலயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்படிச் சொன்னவள் என்ன செய்தாள் தெரியுமா? கேன்டீனில் பத்திரிகை கொடுத்துக்கொண்டு வந்தபோது எதிரே லக்ஷ்மிநாராயணன் வந்து நின்றார். பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு ஒருத்தரை எப்படி விடுவது என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. "சார், நீங்களும் குடும்பத்தோட வரணும்" என்று அவர் கையிலும் ஒன்றை வைத்துவிட்டாள். நான் பல்லைக் கடித்தேன். பெரிய மனுஷர், எங்கே வரப் போகிறார் என்று தேற்றிக்கொண்டோம்.

வந்துவிட்டார். கேளம்பாக்கத்திலிருந்து காரில், வெள்ளிக் கிண்ணத்தோடு. முன்வரிசையில் உட்கார வைத்தோம், வேறென்ன செய்வது? வேண்டாவின் அண்ணன் துரை அவருக்குச் சால்வை போட்டான். ஏசுபாதம் அண்ணன் நெற்றியில் சந்தனத்தோடு பெண்ணுக்குப் பெரியப்பாவாக வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். வீடியோக்காரன் தமிழ்வாணன் ஒருத்தர் விடாமல் எல்லார் முகத்திலும் லைட் அடித்துப் படம் பிடித்தான்.

லக்ஷ்மிநாராயணன் சுற்றிலும் பார்த்தார். சிரித்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க போல. சந்தோஷம்மா. கேசட் ரெடியானதும் எனக்கு ஒரு காப்பி குடுங்க. யார் யார் வந்தாங்கன்னு நிதானமா பாக்கணும்."

அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வாசல் பக்கம் நின்றவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். வேண்டா ஏசுபாதம் அண்ணனைத் தூணோரம் இழுத்துப் போனாள்.

"தெரிஞ்சிபோச்சேண்ணே. எல்லாரையும் தூக்கிடுவாங்களே."

"தூக்குவாங்கம்மா. ஆனா சங்கத்துக்காகத் தூக்குறோம்னு சொல்ல மாட்டாங்க, அது சட்டப்படி தப்பு. சங்கம்னு ஒண்ணு இருந்ததே தெரியாதும்பாங்க. அவங்களுக்குத் தெரியும்னு நம்மாலயும் காட்ட முடியாது."

வேண்டா அந்த வீடியோ லைட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று போய், தாய்மாமன் சீரை அறிவிக்கும் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"தமிழ்வாணா, லைட்ட சார் பக்கம் புடி. சாரும் தெரியணும், சனமும் தெரியணும்."



"எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்ததுக்கு ரொம்ப சந்தோசம். இன்னிக்கி இன்னொரு விசேஷமும் கீது. நம்ம கம்பெனியில சங்கம் வைக்கிறோம். சார எதுர்ல வச்சிகினுதான் சொல்றேன். சேர்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. வேண்டா மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து ஆசாரி காதைக் குத்திவிட, துரை மடியிலிருந்த குழந்தை மண்டபம் அதிர வீறிட்டது. எனக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. நான் தூக்கினேன். பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. மைக் அவள் கையில் இருந்ததால் தலைவரும் அவளே என்று எவனோ கத்தினான். "அய்யோ நானில்ல, நானில்ல" என்று அவள் சொன்னதுகூட மைக்கில் கேட்டது.

ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு, வேலை திருப்தியில்லை என்று வேண்டாவை நிறுத்தினார்கள். அதே வாரம் யாரோ இரண்டு பேர் தமிழ்வாணன் ஸ்டுடியோவுக்குப் போய் காதுகுத்து கேசட்டைக் கேட்டிருக்கிறார்கள். அவன் அதை முன்பே வேண்டாவிடம் கொடுத்துவிட்டிருந்தான். அவள் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையோடு என் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள்.

செங்கல்பட்டில் தொழிலாளர் அதிகாரி திருநாவுக்கரசு முன்னால் விசாரணை நடந்தது. லக்ஷ்மிநாராயணன் சாவகாசமாகச் சொன்னார்: "அந்தம்மா சங்கத்துல இருந்ததே எங்களுக்குத் தெரியாது சார். அப்படி ஒரு சங்கம் இருக்கறதே இப்பதான் கேள்விப்படறோம்."

ஏசுபாதம் அண்ணன் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த டிவியையும் வீடியோ டெக்கையும் வைத்து, காதுகுத்து கேசட்டைப் போட்டார். குழந்தை வீறிட்டது. பின்னால் வரிசை வரிசையாகக் கைகள். முன்னால் சால்வையோடு லக்ஷ்மிநாராயணன், அவர் கையும் மேலே இருந்தது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீங்களும் ஓட்டுப் போட்டீங்களா சார்?"

"லைட்டு கண்ணுல அடிச்சுது, மறைச்சேன்."

"சரி. அப்ப அங்க இருந்தீங்க."

பேசிப் பேசி, சாயங்காலத்துக்குள் வேண்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எழுந்து கிளம்பிய லக்ஷ்மிநாராயணனின் வழியில் போய் வேண்டா நின்றாள். கட்டைப்பையிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்து நீட்டினாள். உறையோடு சேர்ந்து அது கடகடவென்று ஆடியது.

"நீங்க கேட்ட காப்பி சார். யார் யார் வந்தாங்கன்னு நிதானமா பாருங்க."

அவர் வாங்கிக்கொள்ளும்வரை அவள் கையை இறக்கவில்லை.