மலை உச்சியில் எலேனியின் பார்

சோம்பு வாசம்...

கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே குப்பென்று அடித்தது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்த சாராயம். அதில் சொட்டு நீர் விட்டதும் பாலாக வெளுத்துவிட்டது. "ஆத்தாடி, இதென்ன மாயம்!" என்று கத்தியே விட்டேன்.

பேத்திதான் இதைப் போனில் தட்டிக் கொடுக்கிறாள். "தாத்தா பாருக்குப் போன கதையா?" என்று சிரிக்கிறாள். ஆமாம், பார்தான். அதுவும் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில், மலை உச்சியில் இருந்த ஒரு கிராமத்தில்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி. மழை பொய்த்து, வயல் காய்ந்துபோன வருஷத்தில் வெள்ளைக்காரன் ஆர்மியில் சேர்ந்தேன். அங்கே கிடைத்தவர்தான் கோரிப்பாளையம் இப்ராஹிம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மாமா. யார் வைத்த முறையோ... கடைசிவரை மாறவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் எங்களைக் கப்பலேற்றி அந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். கண்ணிவெடி எடுக்கிற வேலை. ஜெர்மன்காரர்கள் போகும்போது அந்த மலைச்சரிவு முழுக்கப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்பியைச் சாய்த்து மண்ணில் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். ஏதாவது தட்டுப்பட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் மண்ணை விலக்க வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகும் எங்களுக்கு மட்டும் ஓயவில்லை.

அந்தச் சரிவை முடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை லீவில்தான் அந்த பாருக்குப் போனோம்.

பார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்பு அடித்த ஒரே அறை. நாலு மேஜை. கடையை நடத்தியது எலேனி என்கிற பெண். கறுப்புத் துணி உடுத்தியிருந்தாள். மூலையில் யானி என்று ஒரு கிழவர். கப்பலில் வேலை பார்த்தவர், அரைகுறை இங்கிலீஷ் தெரியும். எங்களைக் கண்டதும் யானி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்ராஹிம் மாமா குடிக்க மாட்டார். காபி கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு என் காதில் சொன்னார்: "மாப்ள, இது காபியே இல்ல. கொண்டக்கடலைய வறுத்து அரைச்சிருக்காக!"

அம்புட்டுப் பஞ்சம் அங்கே.

எனக்குச் சாராயம் தொண்டையை எரித்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். எலேனி தயங்கினாள். ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மடக்கு ஊற்றினாள்.

"தண்ணிக்கு என்ன கஷ்டம்? கீழதான் சுனை இருக்கே?" என்று யானியிடம் கேட்டேன். நாங்கள் கண்ணிவெடி எடுத்த பாதை அந்தச் சுனைக்குத்தான் போகிறது.

யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்றார் யானி. எலேனியின் தம்பி தண்ணீர் எடுக்கப் போய் அங்கேதான் செத்தானாம். அன்றைக்குப் பிறகு துறைமுகத்தில் இருந்து கழுதை மேல் தண்ணீர் ஏற்றி வருகிறார்கள்.

"இப்போது பயமில்லை என்று போர்டு வைத்திருக்கிறோமே?"

யானி அதை எலேனியிடம் சொன்னார். அவள் என்னை நேராகப் பார்த்து ஏதோ கேட்டாள். யானி சிரிக்காமல் சொன்னார்: "போர்டு சரி. நீ நடப்பாயா என்று கேட்கிறாள்."

எடுத்தவனுக்குத்தானே தெரியும்... கல்லுக்கு அடியில் ஒன்று தப்பியிருந்தால் கம்பிக்குத் தட்டுப்படாது என்பது.

மாமா காபியைக் கீழே வைத்தார். "எந்திரி மாப்ள. வாயால சொன்னா ஆகாது. நடந்து காட்டுவோம்."

"மாமா... ஒண்ணு கிண்ணு தப்பியிருந்தா?"

"தப்பியிருந்தா, அந்தப் பொம்பள கால் படுறதுக்கு முந்தி நம்ம கால் படட்டும். நம்மதான எடுத்தோம்?"

யானியின் கைத்தடியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஊரே பின்னால் வந்து பாதையின் மேல்முனையில் நின்றது. மாமா சிலம்பம் கற்றவர். தடியைச் சுழற்றி, காலைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்து, ஆடிக்கொண்டே இறங்கினார்! ஒவ்வொரு அடிக்கும் புழுதி பறந்தது. நான் பின்னாலேயே போனேன். மனசுக்குள் கருப்பசாமியைக் கூப்பிட்டபடியே மிதித்தேன்.

சுனை வந்துவிட்டது. மாமா முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்: "வா தாயி!"

தமிழ்தான். அவளுக்குப் புரிந்தது.

எலேனி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பாதி வழியில் ஓரிடத்தில் நின்றாள். குனிந்து மண்ணைத் தொட்டாள். தம்பி விழுந்த இடம் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து சுனைக்கு வந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். குடத்தை நிறைத்துத் தூக்கும்போது அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

திரும்பி பாருக்குப் போனோம். எலேனி அந்தத் தண்ணீரிலேயே மாமாவுக்கு மறுபடி கடலைக் காபி போட்டாள். எனக்கும் அதையே கொடுக்கச் சொன்னேன். அந்தச் சுனைத் தண்ணீரை நானும் குடிக்க வேண்டாமா! யானி பாட ஆரம்பித்தார். ஆண்கள் தோளோடு தோள் கோத்து ஆடினார்கள். நடுவில் மாமா.

ஊர் திரும்பிய பிறகு நான் வயலைப் பார்த்தேன். மாமா கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை போட்டார். பெருநாள் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வராத வருஷம் இல்லை. அவர் போய்ச் சேர்ந்தும் காலமாகிவிட்டது.

போன மாதம் மாமாவின் பேரன் போன் பண்ணினான். வெளிநாட்டில் வேலை, லீவுக்கு அந்தத் தீவுக்கே போயிருக்கிறான். அப்போது நாங்கள் நாலு வாரம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போன இடம்... இவன் காலையில் விமானம் ஏறி, சாயங்காலம் அங்கே நிற்கிறான்.

"தாத்தா, பாதையில ஒரே டூரிஸ்ட் கூட்டம். சின்னப் பிள்ளைக எல்லாம் சரிவுல எப்பிடி ஓடுதுக தெரியுமா!"

மாமா இருந்து கேட்டிருக்கலாம்.

"ஓடட்டும்யா," என்றேன். "நல்லா ஓடட்டும்."