காய்ச்சல் இறங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோயிற்று. மரவள்ளி நடு என்றான். லாபிஸ் ஊர்ப் பக்கம் இடுப்பளவுக்கு லாலான் புல் மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் தள்ளுவது ஆண்கள் வேலை. அந்தப் புல்லில்தான் என் வீட்டுக்காரரை உண்ணி கடித்தது.

கடித்தது அவருக்கே தெரியாது. சில நாள் கழித்துத் தலை பிளக்கிறது என்று படுத்தார். உடம்பு கொதித்தது. துடைத்துவிடும்போது தொடை இடுக்கில் சுருட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்த புண் இருந்தது. வலியே இல்லை என்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்து பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல்மா. கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சின்னது. மலேரியா இல்ல, கொய்னா மாத்திரைக்குக் கேக்காது. இதுக்கு நம்மகிட்ட மருந்தும் இல்ல. தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. ரெண்டு வாரம் தாங்கிட்டார்னா பொழைச்சுக்குவார்."

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். நான் கேட்டது, "லாரி வர்றவரைக்கும் எறங்காதுல்ல?"

சயாமில் ரயில் பாதை போடக் குடும்பத்துக்கு ஓர் ஆள் தரவேண்டும், லாரி வந்து ஏற்றிப்போகும் என்று உத்தரவு. எங்கள் குடும்பத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லியிருந்தது இவரை. முன்னே போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் கிடையாது. நடக்க முடியாதவனை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால் அந்தக் காய்ச்சலை சாமி கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன். நெற்றியில் ஈரத்துணி போடுவேன். சூடு குறைந்தால் லாரியை நினைத்துப் பயப்படுவேன். குறையாவிட்டால் பிழைப்பாரா என்று பயப்படுவேன். தூக்கம் இல்லை, கஞ்சி இல்லை, அழக்கூடத் தெம்பில்லை. என்னைக் குறை சொல்ல வருகிறவர்கள் ஒரு நாள் அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.

லாரி வந்த காலையில் அவர் பிதற்றிக்கொண்டிருந்தார். கிராணி எட்டிப் பார்த்து, "இவன் எழுந்திரிக்கவே மாட்டான், விடு" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே கிராணியே, "அப்ப தம்பிக்காரன் ஏறட்டும்" என்றார்.

பக்கத்து அறையில் குடியிருந்த என் கொழுந்தன் வந்து அண்ணன் காலைத் தொட்டுப் பார்த்தான். "பாத்துக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஏறினான். அவன் பெண்சாதி லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் இறங்கியது, காது அடைத்துவிட்டது. இந்தக் காய்ச்சலில் அப்படி ஆகும், மெல்லத் திரும்பும் என்றார் டிரசர். கண் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "தம்பி எங்க?"

சொன்னேன். கேட்கவில்லை. லாரி போன பக்கம் கையைக் காட்டினேன். "வேலைக்கா?" என்றார்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைதான், அதுவும் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் கொழுந்தன் பெண்சாதி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் காதோரம் குனிந்து கத்தினேன்.

"உங்களுக்குப் பதிலா தம்பிய சயாமுக்கு ஏத்திட்டாங்க."

ஊதுகிற சத்தம் நின்றது.

"என்ன? சத்தமாச் சொல்லு" என்றார்.