கட்டியாய் ஏற்றினேன், காற்றாய் இறக்கினேன்

உலகத்தில் எந்த வியாபாரத்திலும் சரக்கு போய்ச் சேரும் வரையாவது சரக்காக இருக்கும். டிரை ஐஸ் வியாபாரத்தில் அந்த உத்தரவாதம் கூடக் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் டிரை ஐஸ் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெலிவரி சூப்பர்வைசர். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். லாரியில் டிரைவர் முனிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து போய், சரக்கை இறக்கி, கையெழுத்து வாங்கி வருவதுதான் வேலை. டிரை ஐஸ் என்பது கரியமில வாயுவை அமுக்கிக் குளிரவைத்துச் செய்த வெள்ளைக் கட்டி. வெறுங்கையால் தொட்டால் தோலை உரித்துவிடும். தொடாமல் விட்டால் உருகாமலே நேராகக் காற்றாகிவிடும். எத்தனை சாக்கு சுற்றினாலும், மரப்பெட்டிக்குள் எவ்வளவு தெர்மகோல் அடைத்தாலும், ஏற்றிய எடை இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இது இயற்கை. ஆனால் எங்கள் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இயற்கைக்கு இடமில்லை. ‘வழியில் சரக்கு குறைந்தால் உடன் சென்றவரே பொறுப்பு’ என்று அதில் போட்டிருந்தது. நானோ ஆறு மாத புரொபேஷனில் இருந்தேன். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியின் கதவும் எனக்குத் திறக்காது. சானமாவு பக்கம் எங்களுக்கு இருந்த ராகிக் கொல்லையும் வருஷா வருஷம் யானைகளுக்காகத்தான் விளைந்துகொண்டிருந்தது. கற்பூரம் விற்கிறவர்களே, பெட்ரோல் அளக்கிறவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

கேட் பாஸ்

முதல் வாரமே ஒரு பெரிய தொழிற்சாலைக்கு அறுபது கிலோ கொண்டுபோனேன். அவர்கள் கேட்டில் எடை போட்டபோது ஐம்பத்தைந்து. ஸ்டோர் கிளார்க் டீ குடித்துவிட்டு வந்து உள்ளே இன்னொரு தடவை போட்டார். ஐம்பத்து நாலு. “மிச்சம் எங்க?” என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் திரட்டி விளக்கினேன். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது சார், கட்டியாக இருக்கும்போது அவை ஷிப்ட் பஸ்ஸில் நிற்கிற கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், சூடு பட்டால் ஓரத்தில் இருக்கிறவை கழன்றுகொண்டு ஓடிவிடும் என்றேன். கிளார்க் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் கூடவே வந்திருந்த செக்யூரிட்டிக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், முழுக்கவும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “வழியில ஓடுனது உன் பாடு. கேட்டுக்கு உள்ள வந்த அப்புறம் ஒரு கிலோ ஓடியிருக்கே, அதுக்கு கேட் பாஸ் எங்க?”

சுருங்கிய புஷ்

அதே தொழிற்சாலையில் டிரை ஐஸ் எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டிய இரும்பு வளையம் ஒன்று உண்டு, புஷ் என்பார்கள். அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் விரிசல் விடும். டிரை ஐஸில் புதைத்து வைத்தால் அதன் துகள்கள் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு நெருங்கி நிற்கும், புஷ் கொஞ்சூண்டு சுருங்கும், ஓட்டையில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அங்கே போன பிறகு சூடேறி விரிந்து பிடித்துக்கொள்ளும்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், சுருங்கிக் கிடந்த புஷ்ஷை எடுத்து அளந்தார். சைஸ் சின்னது, ரிஜெக்ட் என்று சிவப்புப் பெயிண்ட் அடித்து, அதைச் செய்த பட்டறைக்கே திருப்பி அனுப்பினார். அது திரும்பிப் போய்ச் சேருவதற்குள் சூடேறி, சரியான அளவுக்கு வந்துவிட்டது. அங்கே அளந்தவர் ஓகே என்று அனுப்பினார். இங்கே மறுபடி குளிர வைத்தார்கள், மறுபடி சிவப்புப் பெயிண்ட். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது, ஓட்டை காலியாகவே இருந்தது. கடைசியில் பொறுமை இழந்த ஃபிட்டர், நம் கெலமங்கலத்துக்காரர், இன்ஸ்பெக்டரிடமே கேட்டுவிட்டார்: “மொதலாளி வந்தா சுருங்கறதும் போனா விரியறதும் நம்ம மேனேஜரும்தான் சார் செய்யறாரு, அவர யாரு ரிஜெக்ட் பண்ணாங்க?”

எந்தக் கட்டத்தில் டிக்

எங்களுக்கு எல்லை தாண்டி பெங்களூர்ப் பக்கமும் வாடிக்கை உண்டு. ஒரு நாள் சோதனைச் சாவடியில் புதிய படிவம் ஒன்றை நீட்டினார்கள். சரக்கு திடமா, திரவமா, வாயுவா என்று மூன்று கட்டம். திடம் என்றேன். சாவடிக்காரர் பெட்டியைத் திறந்தார். புகை எழும்பியது. “கேஸ் பருத்தே!” என்று பின்வாங்கினார். ஆமாம், கேஸ் வரும், ஆனால் சரக்கு திடம், இறக்குகிற இடத்தில் அவர்கள் பயன்படுத்தும்போது வாயு என்றேன்.

அதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கட்டி காற்றாக வேண்டுமானால் நடுவில் தண்ணீராகத்தானே ஆக வேண்டும், அந்தத் தண்ணீர் எங்கே என்று லாரிக்கு அடியில் குனிந்து தேடினார். சொட்டு ஈரம் இல்லை. தண்ணீரை வழியில் எங்கோ இறக்கிவிட்டோம் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முனிராஜ் கன்னடத்தில் கெஞ்சினான், தெலுங்கில் தலையில் அடித்துக்கொண்டான். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். அன்றைக்கு மட்டும் பதினோரு கிலோ போயிற்று. ஒருவழியாக அவர் பேனாவைத் திறந்து, எனக்காக இறங்கி வந்து தமிழில் சொன்னார்: “கட்டி அந்தா எழுதினா நாளைக்கு கட்டி எங்கேன்னு கேப்பாங்கோ, காத்து அந்தா எழுதினா காத்துக்கு லாரி ஏன்னு கேப்பாங்கோ, அதுனால ‘இதர’ன்னு நாலாவது கட்டம் நானே போட்டுட்டேன், ஹோக்ரி, போங்கோ.”

முழு எடைக்குக் கையெழுத்து

அந்த ஆறு மாதத்தில் குறை சொல்லாமல் முழு எடைக்கும் கையெழுத்துப் போட்டவர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தார் மட்டும்தான். ஆண்டு விழா நாடகத்தில் சாமி தோன்றும்போது மேடையில் புகை வர வேண்டுமாம். வெந்நீர் அண்டாவில் நான்கைந்து துண்டு போட்டேன்.

குளிர்ந்த கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தவழும் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். புகை மேடை விளிம்பிலிருந்து வழிந்து, முன்வரிசை நாற்காலிகளில் மாலையோடு வீற்றிருந்த பிரமுகர்கள் மேல் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாமல் போகவே, பாம்பு பூச்சி இருக்குமோ என்று அவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மொத்தமாக எழுந்து ஓடினார்கள். நான் அண்டாவை மூடப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “மூடாதீங்கண்ணா, அவங்க எழுந்து போனப்புறந்தான் எங்களுக்கு மேடையே தெரியுது.”

சீல் வைத்த சாட்சி

ஐந்தாம் மாதக் கடைசியில், அந்தப் பதினோரு கிலோவுக்காக எனக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. விசாரணை அதிகாரி எங்கள் புதிய பெர்சனல் ஆபீசர், கோயமுத்தூர் நூல் மில் ஒன்றிலிருந்து வந்தவர். பஞ்சு மூட்டை குறைந்தால் திருட்டு, இது குறைந்தாலும் திருட்டு, அவ்வளவுதான் அவர் கணக்கு. பிளாண்ட் இன்ஜினியர் வந்து, இது தானாகவே ஆவியாகும் சார் என்று சொல்லிப் பார்த்தார். விதிப் புத்தகத்தில் அப்படி இல்லையே என்று பதில் வந்தது. எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன், ஒன்றும் எடுக்கவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பான்?

“கை படாம ஒரு பொருள் எப்படிப் போவுமுங்க?” என்று கேட்டு, அதைச் சோதித்தே தீருவது என்று ஆபீசர் முடிவு செய்தார். ஐந்து கிலோக் கட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து, பூட்டி, பூட்டின்மேல் அரக்கு சீல் வைத்து, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பெட்டி அவர் அறையிலேயே, திறந்த ஜன்னல் ஓரத்தில். அடுத்த திங்கட்கிழமை விசாரணை.

திங்கட்கிழமை முதலாளியே பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். சீல் அப்படியே இருந்தது. ஆபீசர் தம் கையாலேயே உடைத்துத் திறந்தார். உள்ளே காய்ந்த செய்தித்தாள் மட்டும் கிடந்தது. அதை உதறிப் பார்த்தார், பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். டைப்பிஸ்ட் கமலா, விசாரணைப் படிவத்தின் முதல் கேள்வியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, “பொருள் குறைந்தபோது யார் பொறுப்பில் இருந்ததுன்னு கேட்டிருக்கு சார், என்ன பேர் போடட்டும்?” என்றாள். முதலாளி மெதுவாக ஆபீசர் பக்கம் திரும்பினார்.

சிரிக்க வேண்டிய நேரம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அன்று சாயங்காலமே சார்ஜ் ஷீட்டைக் கிழித்துப் போட்டார்கள், வேலையையும் நிரந்தரமாக்கினார்கள். இரண்டு நாள் கழித்து உத்தரவை வாங்கப் போனபோது ஆபீசர் கதவைச் சாத்தினார், ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினார், அந்த இரண்டு நாளும் தூங்காதவர் குரலில் சொன்னார்: “பெட்டில இருந்தது தானாத்தான் போச்சு, ஆபீசர் எடுக்கலீன்னு நீயே உன் கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போ கண்ணு, உனக்குத்தான் அதப் பத்தித் தெரியும்.”

ஆகவே சக பாவப்பட்டவர்களே, திடப்பொருள் நேராக வாயுவாகும் என்பதை ஓர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அது அவர் பொறுப்பில் இருக்கும்போது ஆக வேண்டும்.