கறார் அக்காவும் கடைசிச் சொட்டும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். கையுறை போடாமல் யாராவது ஒரு குழாயைத் தொட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுப் பால்பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

வேறு வழியில்லை. கல்லீரலில் கொலஸ்ட்ராலை உடைக்கும் நொதியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி கடைசிச் சொட்டில் நின்றது. சனிக்கிழமைக்குள் அந்த நொதியைப் படம் பிடித்துக் காட்டாவிட்டால் வேலை கைமாறிவிடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். புரதம் ஏற்றிய தாளைக் கொழுப்பு நீக்கிய பாலில் ஊறவைத்தால்தான் அந்தச் சொட்டு கண்ட இடத்தில் ஒட்டாது. நொதி இருக்குமிடம் மட்டும் ஃபிலிமில் கருங்கோடாக விழும். ஆய்வுக்கூடத்துப் பால்பவுடரோ தீர்ந்துவிட்டது. வீட்டில் எப்போதும் இருக்கும். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருந்ததால் டாக்டர் அந்தக் கொழுப்பு நீக்கிய பாலை மட்டும்தான் அனுமதித்திருந்தார்.

ஃபிலிம் வந்தது. கோட்டைக் காணோம், படம் முழுக்கத் திட்டுத்திட்டாகக் கருப்பு.

"ஆன்டிபாடி வித்தவன் உருப்படுவானா!" என்று பொரிந்து தள்ளினாள்.

பக்கத்து மேசைக்காரி மிச்சப் பாலை எட்டிப் பார்த்தாள். "அக்கா, மேல என்ன நெய்யா மிதக்குது?"

குனிந்து பார்த்தவளுக்கு வாசனையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டப்பா மட்டும்தான் டாக்டர் சொன்ன பவுடருடையது. உள்ளே இருந்தது அசல் முழுக்கொழுப்புப் பால்பவுடர்.

நல்லவேளை, ஊற்றிய ஆன்டிபாடியைக் கீழே கொட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதையே வடித்து வைத்திருந்தாள். சரியான பவுடர் வாங்கி, புதுத் தாளில் மறுபடி செய்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழகாக ஒற்றைக் கோடு விழுந்தது.

வீட்டில் கணவர் கெட்டியான டீயை ரசித்துக்கொண்டிருந்தார். பாழான ஃபிலிமை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா, எக்ஸ்ரேயா? யாருக்கு?"

"உங்க பால் டப்பாவுக்கு."

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"கொலஸ்ட்ராலைக் கரைக்கிற என்சைமைத் தேடி நான் அங்க மாரடிக்கிறேன். நீங்க இங்க டப்பாவை மாத்தி நிரப்பிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்களை நான் எந்த ஃபிலிம்லங்க தேடுவேன்?"

அவர் எழுந்தார். மிச்ச டீயைக் கொட்ட அடுப்படிக்கு நடந்தார். போகிற வழியில் ஒரே ஒரு வாய் குடித்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.