இறங்கத் தேவையில்லாத பாலம்

தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ஓடைக்கரையில் சில வீடுகள், டெய்ரி என்கிற ஒரு சின்னக் கடை, ரயில் வராத ஒரு பிளாட்பாரம், கிராமம் அவ்வளவுதான். நாங்கள் குடிவந்த தகனினியில் பிறந்த மகள் சைக்கிளில் முன்னால் பறக்கிறாள்.

ஓடைப் பாலத்தின் முகப்பில், இராணுவத்தார் போடுவது போன்ற பச்சைப் புள்ளிச் சட்டையும் தோளில் துவக்குமாக ஒருவர் நிற்கிறார். என் கால் தானாகத் தரையில் ஊன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்ட்ரியைக் கண்டால் இறங்கி, சைக்கிளை உருட்டித்தான் கடப்போம்.

இவர் வாத்து வேட்டைக்கு வந்த உள்ளூர்க்காரர். காலடியில் நனைந்த நாய்.

"இறங்கத் தேவையில்லை, ஓட்டிக்கொண்டே போகலாம்," என்கிறார் ஆங்கிலத்தில்.

நன்றி சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே போகிறேன். மறுகரையில் மகள் காத்து நிற்கிறாள்.

"பங்சரா, டாட்?"

இல்லையென்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். பின்னால் வந்த மனைவியும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் வருகிறாள். கிட்ட வந்ததும் குரலைத் தாழ்த்துகிறாள்.

"ஐடென்டி கார்ட் கேட்டவனோ?"

"இல்லை. ஓடிக்கொண்டு போகலாமாம்."

"அப்ப ஏறுங்கோவன்."

"நீர் முதல்ல ஏறும்."

பாதை வளைந்து அந்தப் பச்சைச் சட்டை கண்ணுக்கு மறைகிறது. அதற்குப் பிறகுதான் இருவரும் ஏறுகிறோம்.