புதுப்படகுக்கு உடைத்த தேங்காய்

எண்ணூர்க் கழிமுகத்தில் அக்கரைக்குப் போக ஒரு புதுப்படகில் கால் வைக்கிறேன். அதற்கு இன்றுதான் முதல் ஓட்டம். படகுக்காரர் நீட்டும் தேங்காயைக் கறுப்புச் சட்டை போட்ட அவர் மகன் வாங்க மறுக்கிறான்.

"சாமியே இல்லன்றேன், தேங்கா இன்னாத்துக்கு நைனா?"

"சாமிக்கு வேணாம்டா, எனுக்காவ ஒடை."

உடைக்கிறான். உள்ளே அழுகல்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான், வுடு" என்று தகப்பனார் துடுப்பை எடுக்கிறார். மகன் நகரவில்லை.

"வேற காய் ஒடைக்காம நான் ஏற மாட்டேன்."

"சாமி இல்லையே?" கூச்சத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

"இல்லதான் சார். காய் அழுவிட்ச்சே!" கடைக்கு ஓடுகிறான்.

தகப்பனார் சிரிக்கிறார். "எங்க நைனாகிட்ட நானும் இப்படித்தான் பேசிகினு இருந்தேன். நீ குந்து சார், நாம போலாம்."

படகில் வைத்த காலை மெதுவாகக் கரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.